காய்ந்த படிகள் பதினான்கு

சான் எவரிஸ்தோ, உருகுவாய்
அக்டோபர் 19

என் அருமை மகள் யாமிலாவுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மழை வருவதற்கு முன்னால் முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது, எஸ்தோனியாவில், அந்தத் தாலினில் நீ சாப்பிட்டாயா தூங்கினாயா என்று தெரியாமல்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. மூன்று ஞாயிறாக உன் அழைப்பு இல்லை. நான் நீளநீளமாக எழுதி அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரல் படத்தோடு முடித்துக்கொள்கிறாய். வேலை அதிகம் போலிருக்கிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். நேற்றுதான் வால்தெமார் உனக்கு எழுதிய மின்னஞ்சலைத் தன் மேசையில் எனக்குக் காட்டினான், பெரிய சாதனை மாதிரி. அதைப் படித்ததும் உன் மௌனத்துக்குக் காரணம் புரிந்தது. போனில் பேசினால் நான் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் பரவாயில்லை அம்மா என்று பேச்சை மூடிவிடுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். முழுக்கப் படி.

அவன் எழுதியிருப்பது பொய் யாமிலா. உன் வேலையால் நம் கீழ்த் தெரு எல்பியா வீட்டில் ஆற்றுத் தண்ணீர் ஏறியது என்று எழுதியிருக்கிறான். எங்கள் வெள்ள எச்சரிக்கை அலுவலகத்தின் தலைவன் என்று அவனுக்கு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள், ஆனால் பதினோரு வருஷமாக அந்த வெள்ளக் கணக்கு நிரலை ஓட்டியது நான். உனக்கு நினைவிருக்கும், கறுப்புத் திரையில் 'கிரெசே', ஆறு ஏறுகிறது என்று தட்டினால் முதலில் அது ஒரு கேள்வி கேட்கும், "ஆற்றைப் போய்ப் பார்த்தாயா? எத்தனை படி காய்ந்திருக்கிறது?" என்று. பதில் எண்ணைத் தட்டாமல் அது ஓர் அங்குலம் நகராது. வால்தெமார் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும் என்பதற்காக நானே போட்ட கேள்வி அது. அவன் எங்கே எழுந்தான், கடைசியில் நான்தான் தினமும் காலையில் மாத்தே பானக் குவளையையும் வெந்நீர்க் குடுவையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு துறைமுகப் படிக்கட்டுக்குப் போய் எண்ணிவிட்டு வருவேன். மேலே அணையில் எவ்வளவு திறந்தார்கள் என்ற கணக்கை நிரல் தானாக எடுத்துக்கொள்ளும், அதோடு இந்தப் படி எண்ணையும் சேர்த்துத்தான் இரண்டு நாளில் எந்தத் தெரு நனையும் என்று சொல்லும்.

ஆகஸ்டில் நம் அலுவலகத்துப் பிள்ளைகள் இருவரும் ஏஐ உதவியாளை வைத்து இணையத்தில் எச்சரிக்கைப் பக்கம் எழுத ஆரம்பித்தபோது, அது கிரெசேயைக் கூப்பிடும், கிரெசே கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும், உதவியாளும் காத்திருக்கும், இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்து மத்தியானம்வரை ஓட்டிவிடும். நீ அங்கே பழைய கட்டளை நிரல்களை அந்த உதவியாட்கள் பயன்படுத்தும் கருவிகளாக மாற்றுகிறவள் என்று அவர்களிடம் பெருமையாகச் சொல்லி உன்னிடம் கொண்டுவந்ததும் நான்தான். நீ செய்தது சரி. கேள்வியை எடுத்துவிட்டுப் படி எண்ணைக் கட்டளையோடு சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று மாற்றினாய். பிறகு என்னைக் கூப்பிட்டு, "அம்மா, இந்தக் கருவி என்ன செய்யும், அதுக்கு என்ன குடுக்கணும்னு ஒரு குறிப்பு நீங்கதான் எழுதணும். நம்ம ஆத்தை ஒரு நாளும் பார்க்காதவங்களுக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க. அது படிக்கிறது அந்தக் குறிப்பு ஒண்ணைத்தான்" என்றாய். ஒரு முறை இல்லை, இரண்டு முறை சொன்னாய்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? 'காய்ந்த படிகள், எண். உதாரணம்: 14' என்று எழுதினேன். அவ்வளவுதான். அன்று காலையில் பதினான்கு இருந்தது, அதைப் போட்டேன். யாராவது போய்ப் பார்த்துத்தான் எண்ணைச் சொல்ல முடியும் என்பதை எழுதவே தோன்றவில்லை, இந்த ஊரில் அதை யார் யாருக்குச் சொல்வார்கள்? இதுகூடப் பாதி உண்மைதான், மீதியையும் சொல்லிவிடுகிறேன். அன்று புதன்கிழமை, நீ கூப்பிட்டிருந்தாய். ஞாயிறு இல்லாத ஒரு நாளில் உன் குரலைக் கேட்டு எத்தனை மாதமாகியிருந்தது. வேலையைச் சட்டென்று முடித்தால் அப்புறம் சும்மா பேசிக்கொண்டிருக்கலாம் என்று அவசரஅவசரமாகக் கிறுக்கினேன். நீ, "சூப்பர் அம்மா, வேலை முடிஞ்சுது, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாய். போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் முட்டாள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கோபமும் வந்தது. குறிப்பைத் திரும்ப எடுத்துப் பார்க்கவே இல்லை.

அதற்கப்புறம் நடந்ததை வால்தெமார் உனக்கு எழுதவில்லை. கேள்வி போன பிறகு எனக்குப் பதிலாகப் படியை எண்ணிவந்த பிள்ளை லீவில் போயிருந்தான், மற்றவன் படி எண்ணைச் சொல்லாமலே உதவியாளிடம் இந்த வார நிலவரம் கேட்டிருக்கிறான். எண் கட்டாயம் வேண்டும், கையில் இல்லை, குறிப்பில் பதினான்கு என்று இருக்கிறது, அது பதினான்கையே போட்டுக்கொண்டது. ஆறு நாளும் பதினான்கு. ஆறு நாளும் கீழ்த் தெருவுக்கு ஆபத்தில்லை என்று எச்சரிக்கைப் பக்கத்தில் பச்சை எரிந்தது. நான் ஒரு காலை போய்ப் படியைப் பார்த்திருந்தால் கையோடு பிடித்திருப்பேன். போகவில்லை. எந்தத் திரையும் என்னைக் கேட்கவில்லை, நானும் போகவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒன்பது மணிவரை படுத்துக் கிடந்தேன். முழங்கால் என்று எல்லோரிடமும் சொன்னேன், முழங்கால் இல்லை.

வியாழன் மத்தியானம் எல்பியாவின் சமையலறையில் தண்ணீர் வந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் காய்ந்த படி ஐந்துதான். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, தையல் மெஷின், குளிர்ப்பெட்டி, கூண்டிலிருந்த கோழிகள் எல்லாம் போயின. அவளை நம் வீட்டுக்குக் கூட்டிவந்து உன் அறையில் படுக்க வைத்தேன். ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே என்ன சொன்னாள் தெரியுமா, "ஏண்டி நிதியா, தினம் காலைல படியில உன் தலை தெரியுமே, ஒரு மாசமா காணோமேன்னு நெனச்சேன். பொண்ணுகிட்டப் போயிட்டா போல, சொல்லாமக்கூடக் கெளம்பிட்டா பாரு கழுதைன்னு திட்டினேன்." நான்கு நாள் இருந்துவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனாள். அவள் போன பிறகு மழை பிடித்தது, பழக்கத்தில் மழைநாள் பலகாரமான தோர்த்தா ஃப்ரீத்தா பொரிக்க மாவு பிசைந்தேன், பிசைந்த பிறகுதான் அது வீடு நிறைந்திருந்த காலத்து நான்கு பேருக்கான மாவு என்று பார்த்தேன்.

நேற்று வால்தெமார், "உங்க பொண்ணு அங்க குளிர்ல உட்கார்ந்துக்கிட்டு நம்ம ஆத்தை மேய்க்கப் பார்த்தா நிதியாக்கா, ஆறு கேட்கல பாருங்க" என்று இளித்தான். "ஆத்தை மேய்க்க வேண்டிய நீங்க இங்கதானே உட்கார்ந்திருந்தீங்க" என்றேன். பிறகு அதே இடத்தில் உட்கார்ந்து, குறிப்பை எழுதியது நான், தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன். அதன் நகல் இந்த உறையில் இருக்கிறது. டிசம்பரில் ஓய்வு பெறும்போது பாராட்டுப் பத்திரம் தர மாட்டார்கள், போகட்டும், அதை மாட்டச் சுவரில் ஆணியும் இல்லை.

குறிப்பையும் திருத்திவிட்டேன், நீ பார்த்துச் சொல்: 'காய்ந்த படிகள். இதை உன்னால் தெரிந்துகொள்ள முடியாது. பழைய எண்ணைப் போடாதே, ஊகிக்காதே. இன்று காலை படிக்கட்டில் நின்று பார்த்த மனிதரிடம் கேள். பதில் வரும்வரை நிறுத்து.' உதாரணம் எதுவும் வைக்கவில்லை. பிள்ளைகள் அதை என் போனோடு இணைத்துவிட்டார்கள். இப்போது தினமும் ஏழு மணிக்கு, நிதியா அவர்களே, இன்று எத்தனை படி என்று செய்தி வருகிறது. போய் எண்ணிவிட்டு அனுப்புகிறேன். இன்று பன்னிரண்டு. நன்றி என்று ஒரு சொல் வருகிறது, அதோடு சரி. அந்த உதவியாளுக்கு அதற்கு மேல் என்னிடம் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. உனக்கு இருக்கும் என்று நம்பிக்கொண்டு நான் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

அங்கே இருட்டு மாதங்கள் வருகின்றன, வெயிலுக்குப் பதிலான அந்த வைட்டமின் மாத்திரையை விடாமல் போடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. என் கை எப்போதும் உன் தலைமேல் இருக்கிறது, நீ நன்றாக இருப்பாய். மறக்காமல் ஒன்று செய்: கூப்பிடும்போது நன்றாகத்தானே இருக்கிறீர்கள் அம்மா என்று பதிலையும் நீயே சொல்லிவிடாதே. எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் கேள். கேட்டுவிட்டு, நான் வாயைத் திறக்கும்வரை வைக்காதே.

உன்னைவிட்டால் வேறு யாருமில்லாத,
அம்மா நிதியா