வரிசையில் நின்ற பிட்காயின்

டிசம்பர் 11, திங்கள்

"டீச்சர், காலையில குடுத்த லீவு லெட்டர மத்தியானம் மாத்திக் குடுக்கலாமா?" என்று ஏழாம் வகுப்பு நிர்மலா என்னை ஒருமுறை கேட்டாள். ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போடாத வரைக்கும் மாற்றலாம் என்றேன். அந்தக் கேள்வி இருபது வருஷம் கழித்து இன்று நினைவுக்கு வரக் காரணம் என் கணவர் காசிநாதன்.

நைனார்பாளையத்தில் எங்கள் மரவள்ளிக் கொல்லையை ஒட்டிப் பக்கத்து நிலக்காரர் பூமாலைக்கு அரை ஏக்கர் இருக்கிறது. எங்கள் மரவள்ளிக்கு வண்டி போகும் பாதை அதில்தான் இருக்கிறது. அவர் விற்கிறார். பிளாட் போடுகிறவர்கள் வாங்கினால் கம்பி வேலி வரும். பிறகு கிழங்கைத் தலையில்தான் சுமக்க வேண்டும். அதனால் நாங்களே வாங்குகிறோம். வெள்ளிக்கிழமை வரை பொறுப்பதாகப் பூமாலை சொல்லியிருக்கிறார். அன்றைக்கே பத்திரப் பதிவுக்கு டோக்கனும் போட்டாயிற்று.

குறைகிற தொகைக்கு என் பிட்காயின். ஐந்து வருஷத்துக்கு முன்பு ஈட்டிய விடுப்பை ஒப்படைத்து வந்த பணத்தில் வாங்கியது. அதற்கு 'ஆவிப்பணம்' என்று பெயர் வைத்தவர் இவர்தான். இன்று அந்த ஆவியிடம்தான் வந்து நிற்கிறார். சிரித்தேன், அவ்வளவுதான்.

பிட்காயினுக்குச் சாவியான வாலட், பென்டிரைவ் போலிருப்பது, என் பீரோவில். அதைத் திறக்கும் பின் நம்பர் அவர் தலையில். விலை ஏறி இறங்கும்போது ஒருவர் மட்டும் பதறி விற்றுவிடக் கூடாது என்று அப்போதே பேசிக்கொண்டது.

காலையில் கணினியில் செருகி, பிட்காயினை விற்றுத் தரும் எக்ஸ்சேஞ்சில் உள்ள என் கணக்குக்கு அனுப்ப எல்லாம் தயார். கட்டணம் மூன்று விதம்: மெதுவாக, நடுத்தரம், வேகமாக. பால் பொங்குகிறது என்று எழுந்து போனேன். வருவதற்குள் 'மெதுவாக'வைத் தேர்ந்து, வாலட்டிலும் பொத்தானை அழுத்திவிட்டார்.

"வேல ஒண்ணு. அதுக்கு மூணு ரேட்டு இன்னாத்துக்கு?"

டிசம்பர் 12, செவ்வாய்

எக்ஸ்சேஞ்சுக்கு இன்னும் வந்து சேரவில்லை. திரையில் 'உறுதியாகவில்லை' என்று நேற்றைய அதே வரி.

படித்துப் பார்த்தேன். இந்த வாரம் பிட்காயினில் ஏகக் கூட்டமாம். கரும்பு சீசனில் ஆலை வாசலில் லாரி நிற்கிற மாதிரி — இல்லை, அங்கே முதலில் வந்தவருக்கு முதல் இடம். தப்பான உதாரணம். கச்சிராயபாளையத்தில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்களை வெள்ளிமலைக்கு ஏற்றுகிற ஜீப் என்று வைத்துக்கொள்ளலாம். ஜாஸ்தி தருகிறவர் முதலில் ஏறுவார். எல்லோரும் நூறு ரூபாய் நீட்டுகிற இடத்தில் நாங்கள் இருபதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

பணம் தொலையவில்லை, நிற்கிறது. அதற்கு வழியும் இருக்கிறது: 'கட்டணத்தை உயர்த்து' என்று ஒரு பொத்தான். அதே பணம், அதே கணக்கு, கட்டணம் மட்டும் கூடுதல். நிர்மலாவின் லீவு லெட்டர்தான். மேசையில் இருப்பதற்கு இன்னும் ஹெட்மாஸ்டர் கையெழுத்து விழவில்லை. புது லெட்டர் கொடுத்தால் பழையது செல்லாது. இரண்டு தடவை பணம் போகாது. ஆனால் புது லெட்டரை அனுப்பவும் அதே வாலட்தான் ஒப்புதல் தர வேண்டும். அதற்கு அவர் தலையில் இருக்கும் பின் நம்பர் வேண்டும்.

சாயங்காலம் கேட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"விஜி, இதுக்குப் பேரு லஞ்சம்."

தாலுகா ஆபீஸில் முப்பத்தொரு வருஷம். யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை, யாருக்கும் வாங்கித் தந்ததுமில்லை. சரி. நல்ல மனுஷன்தான். அதுக்காக? வெள்ளிக்கெழமைக்கு மூணு நாளுதான் கீது — இந்த நேர்மைய வண்டியில ஏத்தி எந்தப் பாதையில ஓட்டறதாம்?

டிசம்பர் 13, புதன்

ஸ்பீடு போஸ்ட் அனுப்பினால் லஞ்சமா என்று கேட்டேன். அது கவர்மென்ட் போட்ட ரேட்டு, இது யார் போட்டது என்றார். யாரும் போடவில்லை, நிற்கிறவர்களே சொல்வது, எல்லோர் கண்ணுக்கும் தெரியும் என்றேன். அப்போ ஏலம் என்றார். ஏலம்தான், ஏலம் எடுப்பது லஞ்சமா என்றேன். அவர் போய் ஏற்கெனவே நனைந்திருந்த செம்பருத்திக்கு இன்னொரு குடம் ஊற்றினார்.

பதினோரு மணிக்குப் பூமாலை போன் செய்தார்.

"டீச்சரம்மா, பிளாட் போடறவங்க அட்வான்ஸ் பணத்தோட வந்து குந்திக்கினு இருக்காங்க. உங்களுக்குன்னு சொல்லி வச்சிருக்கறேன். வெள்ளிக்கெழம தாண்டிச்சின்னா என்னாண்ட கேக்காதீங்க."

போனை வைத்ததும் இவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. நாம ஜாஸ்தி குடுத்தா, அங்க நின்னுக்கினு இருக்கற இன்னொருத்தன் பின்னால போவானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். நாக்கு நுனி வரை வந்தது.

"ஆமாங்க. யாரோ ஒருத்தர் கொஞ்ச நேரம் பின்னால போவாங்க."

தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அரை ஏக்கரும் கூடவே போய்விட்டது என்று நினைத்தேன். ஏன் சொன்னேன்? கணக்கு டீச்சருக்குத் தப்பான விடையை எழுதக் கை வராது போல.

டிசம்பர் 14, வியாழன்

காலையில் காபி டம்ளரோடு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"நேத்து இல்லன்னு நீ சொல்லியிருந்தன்னா, இன்னும் இன்னா மறைக்கிறாளோன்னு தோணியிருக்கும். வாலட்ட எடு."

எடுத்தேன். ஒரு நிபந்தனை போட்டார்: உச்சத்துக்குப் போகக் கூடாது, அடுத்த ஒரு மணி நேரத்துக்கு எது போதுமோ அதுதான். தேவைக்கு மேல் ஒரு ஆள்கூட நம்மால் பின்னால் போகக் கூடாதாம். வாலட்டின் குட்டித் திரையில் வந்த எக்ஸ்சேஞ்ச் கணக்கு முகவரியை, வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார், நான் சரிபார்த்தேன். கூடுதல் கட்டணத்தையும் வாசித்தார், அப்போது மட்டும் குரல் கம்மி. அழுத்தினார்.

முப்பத்தைந்து நிமிஷத்தில் முதல் உறுதி வந்தது. பத்தரைக்கு எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தது. உடனே விற்றேன். வரி பிடித்தார்கள். இந்த நான்கு நாளில் அவர் முகம் மலர்ந்தது அப்போதுதான். "இதுக்கு ரசீது வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். பணம் பாங்குக்கு வந்து, மூன்று மணிக்குள் பூமாலை பேருக்கு டிடி எடுத்தாயிற்று.

டிசம்பர் 15, வெள்ளி

ரிஜிஸ்தர் ஆபீஸில் பதிவு முடிந்தது.

பத்திரத்தை அங்கேதான் முதல் தடவை முழுசாகப் படித்தேன். வாங்குபவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும். விஜயலட்சுமி, ஓய்வுபெற்ற ஆசிரியை. உங்கள் பெயர் எங்கே என்றேன்.

"கொறஞ்ச பணத்தப் போட்டவ நீ. வண்டிப் பாதையில என்னயும் வுடுவ இல்ல?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

கிழங்கு விலை பார்க்கிறவர் இப்போது பிட்காயின் நெரிசலையும் பார்க்கிறார். "விஜி, இன்னிக்குக் கூட்டம் கம்மி" என்று சமையலறைக்கே வந்து சொன்னார். அனுப்ப ஒன்றும் இல்லையே என்றேன். தெரிந்து வைத்துக்கொள்வதில் தப்பில்லையாம்.

எனக்கே எழுதி வைக்கிறேன்: அடுத்த தடவை அனுப்பும் முன், அந்த நேரத்துக் கட்டண நிலவரத்தை ஒருமுறை திறந்து பார்.