மணிக்கட்டில் ஒரு கோடு

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். நீயும் நலம் என்று நீதான் சொல்கிறாய், நம்புவதற்கு நானும் ஆன மட்டும் பார்த்தேன்.

அண்ணனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. மாடிக்குழாய் ஒழுகுகிறதென்று அப்பா தானே சரிசெய்ய இறங்கினார், இப்போது கீழ்க்குழாயும் ஒழுகுகிறது. எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. ஒரு வாரமாக வீடியோவில் முகத்தை மட்டும் காட்டி, "வழுக்கி விழுந்தேம்மா, லேசான சுளுக்கு, பயப்படாத" என்கிறாய், கையைக் காட்டு என்றால் சிக்னல் போய்விடுகிறது. இப்படி நான் நிலைகொள்ளாமல் இருந்தபோதுதான், பம்பு பாடியையும் வால்வையும் எக்ஸ்ரே எடுத்து உள்ளே ஓட்டை தேடுகிற எங்கள் சோதனைக்கூடத்துக்கு வியாழக்கிழமை ஒரு நடராஜர் வந்தார். அருங்காட்சியகத்துப் பெண் ஒருத்தி போர்வையில் சுற்றிப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தாள். ஒரு முழ உயரம்தான், ஆனால் வெண்கல வார்ப்பு, மேசையில் ஏற்றுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. படம் கழுவி வரும்வரை நான் உட்காராமல் உலாத்துவதைப் பார்த்து அவளாகவே விளக்கினாள். பின் கைகளில் உடுக்கை படைப்பு, நெருப்பு அழிவு. முன் இடக்கை தூக்கிய பாதத்தைக் காட்டி, இங்கே வந்து சேர் என்கிறது. விரித்த வலக்கை, பயப்படாதே என்கிறது. காலடியில் கிடக்கும் முயலகன் அறியாமையாம். "அவன் சாகல பாருங்க, தலையத் தூக்கிட்டுதான் இருக்கான், அதான் இவரு கால எடுக்கவே இல்ல" என்றாள். வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா, "உன் கவலையும் அப்படித்தான், எவ்வளவு மிதிச்சாலும் தலையத் தூக்குது" என்றார்.

படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினேன். உடம்பு, கால், மற்ற கைகள் எல்லாம் சுத்தம், ஒரு குமிழி கிடையாது. பயப்படாதே என்கிற அந்தக் கையின் மணிக்கட்டில் மட்டும் கறுப்பாக ஒரு கோடு, குறுக்கே ஓர் ஊசி. எப்போதோ ஒடிந்ததை யாரோ சேர்த்து, வெளியே தெரியாமல் தேய்த்து வைத்திருக்கிறார்கள். அவள் முகம் வாடவில்லை, "ஒடஞ்சதையும் சேர்த்து எழுதி வச்சிடலாம்" என்று குறித்துக்கொண்டாள். எனக்குத்தான் நீ காட்டாத கை கண்ணில் நின்றது. வெளியே வந்து உன் அறைத்தோழியைக் கூப்பிட்டு, "அவ எல்லாத்தையும் சொல்லிட்டா" என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். பாவம், "ஆபரேஷன் பண்ணி பிளேட் வச்சதையுமா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டாள். அவளைத் திட்டாதே, குற்றம் என்னுடையது.

கோபமில்லை என்று எழுதினால் அது இரண்டாவது பொய். தன்னந்தனியாக மயக்க மருந்துக்குப் படுத்திருக்கிறாயே, கூட யார் நின்றார்கள், இப்போது தலை எப்படிப் பின்னுகிறாய், சட்டைப் பொத்தானை யார் போடுகிறார்கள் என்று நினைத்து நினைத்து இந்தக் கடிதத்துக்கு நடுவே நான்கு முறை எழுந்துவிட்டேன். பதினைந்து நாள் விடுப்பு கேட்டேன், மேலாளர் பத்து கொடுத்தார். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, ஞாயிறு மாலை வந்து இறங்குகிறேன். கடிதம் முந்துமோ நான் முந்துவேனோ தெரியாது, எழுதாமல் இருக்க முடியவில்லை.

எலும்பு நன்றாகக் கூடி, உனக்கு எல்லா நலமும் வரட்டும். மருத்துவர் சொன்னபடி விரல்களை மடக்கி நீட்டு, சோம்பல் படாதே. மணி அடித்தால் ஓடி வராதே, மறுபடி வழுக்கும். மெதுவாக வந்து திற, நான் நிற்கிறேன்.

உன் அம்மா