படத்துக்கென்று ஒட்டிய மரண அறிவித்தல்

என் ஆசை அண்ணைக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம். இத்தனை நாளும் அழுதேன். இன்றைக்குக் கோபத்தோடு எழுதுகிறேன். அதில் ஒரு பங்கு உங்களுக்கும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சினிமா இயக்குநர் வந்து நடிக்கக் கேட்டபோது ஏன் ஓமென்றீர்கள்? 2009க்குப் பிறகு வன்னியில் இருந்து வந்தவர் நீங்கள். இந்த வெளிநாட்டு நகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் நாள் முழுக்க வெங்காயம் வெட்டுகிறவருக்குக் கிடைத்ததே ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அப்படி நான்கு ஞாயிறுகளைப் படப்பிடிப்புக்குக் கொடுத்தீர்கள். கதாநாயகனின் செத்துப்போன தமையன் வேடம். "சின்ன வேசம்தான் பிள்ளை, ஆனா கதையே என்னாலைதான் நடக்குது" என்று பெருமையடித்தீர்கள். சார்செல்லில் இருக்கிற என் வீட்டில் இருந்து ரயில் பிடித்து வந்து உங்கள் உடுப்பை இஸ்திரி போட்டு மினுக்கித் தந்த மடைச்சி நான்.

அந்த மரண அறிவித்தலையும் மறக்கமாட்டேன். இங்கே ஒருவர் செத்தால் லா சப்பல் கடைக் கண்ணாடிகளில் அறிவித்தல் ஒட்டுவோம். அதைப் பார்த்துத்தான் சனம் இறுதிச் சடங்குக்கு வரும். படத்திலும் அப்படி ஒரு காட்சி இருந்தது. "உங்கடை உண்மைப் பேரே இருக்கட்டும் அண்ணை, அப்பதான் இயல்பா இருக்கும்" என்றான் படமெடுத்தவன். நீங்களும் தலையாட்டினீர்கள். உங்கள் பெயர், ஊர், சிரித்த முகம் எல்லாம் கண்ணாடியில் ஏறின. காட்சியை எடுத்தவன் அதைக் கிழிக்காமலே போய்விட்டான்.

அன்று பின்னேரமே யாரோ ஊருக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார்கள். கிளிநொச்சியில் அம்மா தலையில் அடித்துக்கொண்டு விழுந்தா. "நான் உயிரோடைதான் இருக்கிறன் அம்மா, இஞ்சை பாருங்கோ" என்று நீங்கள் வீடியோவில் முகம் காட்டினீர்கள். ஒரு கிழமையாக அம்மா உங்களோடு பேசவில்லை. அவனோ அதைப் பேட்டியில் எல்லாம் சொல்லிச் சிரித்தான்.

படத்தைத் திரையிட்டார்கள். பார்த்தால் நீங்கள் பேசிய ஒரே காட்சியும் இல்லை. உங்கள் புகைப்படம் மாலையோடு சுவரில் தொங்கியது, அவ்வளவுதான். சனம் மூக்கைச் சிந்தி அழுதது. அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எழும்பி நின்று முதலில் கைதட்டியவர் நீங்கள். கையைப் பிடித்து இழுத்து இருத்துவோமா என்று இருந்தது எனக்கு. உங்களுக்கு ரோசமே இல்லையா அண்ணை?

இரண்டு வருடம் கழித்துக் குசினியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். இந்த முறை அறிவித்தலை நான் ஒட்டினேன். உங்களுடைய வேறு நல்ல புகைப்படம் கைவசம் இல்லை, படத்துக்கு ஒட்டிய அந்தச் சிரித்த முகத்தையே போட்டேன். அது என் பிழை.

சடங்குக்கு ஒன்பது பேர் வந்தார்கள். மறு கிழமை மரக்கறிக் கடைக்காரர் என்னிடம் கேட்கிறார்: "என்ன பிள்ளை, திரும்பவும் அறிவித்தல் ஒட்டிக் கிடந்துது? ரெண்டாம் பாகம் எடுக்கினமோ? அண்ணை சுகமோ?" எல்லோரும் அப்படித்தான் நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறார்கள். இருட்டு மண்டபத்தில் அழத் தெரிந்த சனத்துக்கு, உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கத் தெரியவில்லை.

அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. "அவன் பேசி நடிச்சதை ஒருக்காக் காட்டு பிள்ளை, குரலைக் கேக்கவேணும்" என்று ஒரே கரைச்சல். வெட்டிய காட்சியைத் தா என்று அந்த இயக்குநரிடம் போனேன். "தாறன் அக்கா. வாற மாசம் படத்தைத் திரும்பப் போடுறம். நீங்கள் மேடைக்கு வந்து விளக்கேத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்கோவன்" என்றான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்.

போனேன். விளக்கையும் ஏற்றினேன். பிறகு மைக்கை வாங்கிச் சொன்னேன்: "என்ரை அண்ணை உண்மையாவே செத்திட்டார். கடையிலை நான் ஒட்டினது படத்துக்கில்லை. நீங்கள் ஒருத்தரும் வரேல்லை." எனக்குப் போர்த்திய பொன்னாடையைக் கதிரையில் போட்டுவிட்டு, எல்லோர் முன்னாலும் அவனிடம் கையை நீட்டினேன். காட்சியைப் பதிந்து வைத்திருந்த பென்டிரைவைத் தந்தான்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் நடித்திருக்கிறீர்கள். ஏன் வெட்டினானோ? காட்சி முடிந்த பிறகும் கமரா ஓடுகிறது. நீங்கள் அவனைப் பார்த்துக் கேட்கிறீர்கள்: "தம்பி, நான் கட்டாயம் சாகத்தான் வேணுமோ? கடைசியிலை திரும்பி வாறமாதிரி ஏதும் செய்யேலாதோ? அம்மா பாத்தாப் பயந்திடுவா." அவன் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது.

அந்தச் சிரிப்பை மட்டும் வெட்டிவிட்டு, மிச்சம் முழுவதையும் அம்மாவுக்குக் காட்டுவேன். இது சத்தியம், அண்ணை.

உங்கள் கோபக்காரத் தங்கச்சி