குகைக்குள் நீங்கள் மெழுகிய தரை

என் பிரியமுள்ள நங்கையா,

செத்துப்போன நாத்தனாருக்குக் கடிதம் எழுதுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிக்காமல் கேளுங்கள். நம் கரட்டுக் குன்றில் இருக்கிற குகையைத் தோண்டுகிறார்கள்.

ராசிபுரத்திலிருந்து காலையில் வேன் வருகிறது. தொல்லியல் படித்த பிள்ளைகள், அவர்களுக்குத் தலைவியாகச் செல்வி மேடம். நாம் ஆடு அடைத்த இடத்தில் உட்கார்ந்து பிரஷ்ஷால் மண்ணைத் தடவுகிறார்கள். "ஏனுங்க மேடம், இப்படித் தடவுனா எப்ப முடியறதுங்க?" என்று கேட்டேன். "அவசரப்பட்டா ஒண்ணும் மிஞ்சாதுங்கக்கா" என்றார்.

வாசல் பக்கம் ஒன்றும் தேறவில்லை. ஆட்டுக் குளம்பும் மழைத் தண்ணீரும் எல்லாவற்றையும் கலக்கிவிட்டனவாம். மிச்சம் இருந்தது உள்மூலை மட்டும். அங்கேயும் இல்லையென்றால் மூட்டை கட்டவேண்டியதுதான் என்றார் மேடம்.

பட்டிப்பொங்கலுக்குப் பானை வைக்க நீங்கள் வருஷா வருஷம் செம்மண்ணும் சாணியும் குழைத்து மெழுகிய மூலை அல்லவா அது? பழைய பூச்சைச் சுரண்ட விடமாட்டீர்கள், அதன்மேலேயே பூசுவீர்கள். கடைசியாக நீங்கள் மெழுகிய விரல் தடம் அப்படியே இருந்தது. இந்த வருஷம் அதன்மேல் பூச எனக்குக் கை வரவில்லை, பொங்கலை வெளியே வைத்தேன். உங்கள் கை பட்டதென்று எனக்கிருந்தது அது ஒன்றுதான்.

"அந்த எடத்த மட்டும் உட்டுருங்க மேடம்" என்று காரணத்தையும் சொன்னேன். "உங்க எடங்கக்கா, வேண்டாம்னா தொட மாட்டோம்" என்றார். திட்டியிருந்தால் பிடிவாதம் பிடித்திருப்பேன்.

அன்று பூராவும் மனசுக்குள் உங்களோடு சண்டை. உங்கள் தம்பி செத்துப்போன பிறகு, பிறந்த வீட்டிலும் முகம் கொடுக்காததால், பையோடு கரட்டடியில் வந்து நின்றேனே? உங்களுக்கே வீடு மழையில் இடிந்து, குகைக்குள் அடுப்பு மூட்டியிருந்த நேரம். "ஏஞ்சாமி அங்கயே நிக்கற? உள்ள வா, சோறு ஆறுது" என்றீர்கள். ஏன் வந்தாய் என்று சாகும்வரை கேட்கவில்லை. இடம் கேட்டு வந்தவர்களிடம் நான் மட்டும் எப்படி முடியாது என்பது?

மறுநாள் நானே சரி என்றேன். முதல் கொத்து விழுந்தபோது வெளியே போய் ஆட்டுக்குத் தழை ஒடித்தேன்.

சில நாள் கழித்து மேடம் கூப்பிட்டார். குழியின் ஓரத்தில் உங்கள் பூச்சுகள் பாலேடு போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. அதற்கும் கீழே, மண்ணுக்குள், சாம்பல், கரிந்த எலும்பு, நாம் வெங்கச்சங்கல் என்போமே, அந்த வெள்ளைப் பளிங்குக் கல்லைச் செதுக்கிய சில்லுகள்.

"இரும்பே தெரியாத காலத்து ஆளுங்க இங்க அடுப்பு மூட்டியிருக்காங்கக்கா. அந்தம்மா மேல மெழுகிட்டே இருந்ததாலதான் இது குலையாமக் கெடக்குது."

ஓவென்று அழுதேன் நங்கையா. துக்கத்தில் இல்லை, நன்றியில். எனக்கு இடம் கொடுத்ததுபோல, முகம் தெரியாத அவர்களையும் நீங்கள் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள். யார் அவர்கள்? மழைக்கு ஒதுங்கினார்களா? மேடத்துக்கும் தெரியாதாம்.

உங்கள் விரல் தடம் போய்விட்டது. வருத்தம்தான், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? குழியை மணல் போட்டு மூடித் தருவார்களாம். வருகிற பட்டிப்பொங்கலுக்கு அதன்மேல் நானே மெழுகுவேன். உங்கள் அளவுக்கு எனக்கு வழவழப்பு வராது. வராவிட்டால் போகட்டும், பானையை உள்ளேதான் வைப்பேன்.

உங்கள் தம்பி மனைவியாக வந்து, உங்களுக்கே கூடப்பிறந்தவளாகிப்போன,
சரசு