பின்பக்கத்து ஸ்டூல்

ஜூன் 2, திங்கள்

மகள் அனுப்பிய பார்சல் வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் வண்டியில் மாடு பூட்டுகிற சாமான் மாதிரி ஒரு பட்டை. இடுப்புக்குப் பின்னால் ஒரு காற்றுப் பை, அதன் இரண்டு பக்கமும் நீளமாக நாடா. நாடாவை முன்னால் கொண்டுவந்து முழங்காலில் மாட்ட வேண்டும். நம்முடைய முழங்காலே நம்முடைய முதுகை இழுத்துப் பிடிக்குமாம். சாய்மானம் வேண்டாம், ஸ்டூல் போதும், மடித்தால் கைப்பைக்குள் போய்விடும். பைக்குள் பேட்டரி இருக்கிறது. காற்றை ஏற்றி இறக்கி, உட்கார்ந்த இடத்திலேயே வயிற்றுத் தசைக்கும் இடுப்புத் தசைக்கும் வேலை கொடுக்கும்.

போனில் மகள் கறாராகச் சொன்னாள்: "ஒரு மாசம் கட்டிப் பாருங்கப்பா. அப்பவும் உக்கார முடியலன்னா கடைய விட்டுட்டு எங்கூட வந்துடணும். அந்த போன் கவர் விக்கிறவர் கடைய வாடகைக்குக் கேட்டுக்கிட்டே இருக்கார்."

சரி என்று சொல்லிவிட்டேன். வைத்த பிறகு ஏன் சொன்னோம் என்று இருந்தது. வாழ்நாள் முழுக்க ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்தவன், மகள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து என்ன செய்வேன்?

ஜூன் 3, செவ்வாய்

பிசியோதெரபி. அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான், ஆனால் அதட்டலில் என் மாமியார். பட்டையைக் கட்டிவிட்டு, "வயித்த உள்ள இழுங்க. இன்னும். மூச்ச ஏன் அடக்குறீங்க சார், உங்கள யாரும் கிணத்துல தள்ளல" என்றாள்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம். முதுகெலும்பும் டிஸ்க்கும் என் வயதுக்கு நன்றாகவே இருக்கின்றனவாம். "தசைதான் வேலையே செய்யாமக் கெடக்கு. இத்தன வருஷம் எதுல சாஞ்சு உக்காந்தீங்க?"

சுவரில் என்று சொன்னேன்.

ஜூன் 4, புதன்

சுவர் இல்லை. அவள், என் மனைவி.

கடையின் அகலம் அவ்வளவுதான். முன்னால் கவுன்டர், தெருவைப் பார்த்து என் ஸ்டூல். பின்னால் லென்ஸின் ஓரம் தேய்க்கிற மெஷின், சுவரைப் பார்த்து அவள் ஸ்டூல். இரண்டுக்கும் நடுவில் விரல் நுழையாது. கடை போட்ட புதிதில் 'கொஞ்சம் தள்ளி உக்காந்தா என்ன' என்று இரண்டு பேரும் முணுமுணுத்தோம். தள்ள இடம் இல்லை. பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு, அது இல்லாமல் உட்காரவே வராது என்று ஆகிவிட்டது.

பேச்சு தேவைப்படாது. விலையைக் குறைக்காதே என்றால் நீளமாக ஒரு அழுத்து. போனால் போகிறது, கொடு என்றால் சின்னதாக இரண்டு இடி. ஃப்ரேமை மாட்டியதும் தன்னை சினிமாக்காரனாக நினைத்துக்கொள்கிற ஆசாமி வந்தால் சத்தமில்லாமல் சிரிப்பாள்; எனக்கு இங்கே முதுகு குலுங்கும். முகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ள நான் படும் பாடு! வீட்டில் நாங்கள் எலியும் பூனையும். கடையில் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

ஜனவரியிலிருந்து பின்னால் காற்றுதான். மெஷினுக்கு உறை போட்டுவிட்டேன். லென்ஸ் தேய்க்க வெளியே கொடுத்து வாங்குகிறேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், இடுப்பிலிருந்து தோள் வரை யாரோ பிய்த்து எடுக்கிற மாதிரி ஒரு வலி.

ஜூன் 6, வெள்ளி

பட்டையைக் கழற்றாமல் எழுந்து, கவுன்டரில் முட்டிக்கொண்டேன். வாடிக்கையாளர் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார், நல்ல மனுஷன்.

ஜூன் 9, திங்கள்

இதை எழுதினால் பைத்தியம் என்பார்கள். எழுதுகிறேன், படிக்கப் போவது நான்தானே.

ஒருவர் தங்க நிற ஃப்ரேமை எடுத்துக்கொண்டு பாதி விலைக்குக் கேட்டார். நயமாகப் பேசினார், பிறகு அதட்டினார், பிறகு எதிர்க் கடைக்குப் போவேன் என்றார். கொடுத்துத் தொலைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். பின்னால் ர்ர் என்று சின்னச் சத்தம். நீளமாக ஒரு அழுத்து. சரியாக அந்த இடத்தில். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, அவள் அழுத்துகிற இடத்தில்.

"குறையாதுங்க" என்றேன்.

அவர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் திரும்பாமலேயே "சரிதானே?" என்று கேட்டுவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

எழுதக் கூடாது என்றுதான் பார்த்தேன்.

ஜனவரியில் அன்று மதியம் ஒரு அம்மா தன் மாமியாருக்கு ஃப்ரேம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் மெஷின் நின்றது. அவள் பாரம் மெதுவாக என்மேல் இறங்கியது. முழுப் பாரமும். தூங்குகிறாள் என்று நினைத்தேன். முந்தின நாள் எக்கச்சக்க வேலை, பாவம். எழுப்பக் கூடாதென்று அசையாமல் உட்கார்ந்தேன். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா, வீட்டுக்காரம்மா அசந்து தூங்குறாங்க" என்றேன். அந்த அம்மா சிரித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒவ்வொரு ஃப்ரேமாகக் காட்டினேன். சந்தோஷமாக இருந்தேன். அதுதான். அவ்வளவு நேரமும் நான் சந்தோஷமா இருந்தேன். எம்மேல சாஞ்சு தூங்குறா, தூங்கட்டும்னு.

டாக்டர் சொன்னார், ஒரே நொடியில் போயிருக்கும், திரும்பிப் பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று. நான் நம்புகிறேன். என் முதுகு நம்ப மாட்டேன் என்கிறது. எது வரைக்கும் அவ, எதுலேருந்து வெறும் பாரம்? அவ மூச்சு விடுறதகூட முதுகுல கேட்டவன் நான். எனக்குத் தெரியலையே. எனக்கே தெரியலையே.

ஜூன் 13, வெள்ளி

இப்போதெல்லாம் அதனிடம் கேட்கிறேன். புது ஃப்ரேம் கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்கலாமா? அழுத்தியது. கொடுக்கவில்லை.

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "யார்கிட்ட அண்ணே பேசுறீங்க?"

"போன்ல."

"போன் சார்ஜ்ல கெடக்கே."

ஜூன் 15, ஞாயிறு

வீட்டில் கட்டிப் பார்த்தேன். ஒரு பதிலும் இல்லை. வீட்டில் அவள் எனக்கு முதுகைக் காட்டியதெல்லாம் கோபத்தில்தான்.

ஜூன் 18, புதன்

கடையில் இருக்கும்போது மகள் கூப்பிட்டாள். என்ன முடிவு செய்தீர்கள், மாதம் முடியப் போகிறது என்றாள். அறை தயாராம். சுவருக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறாளாம்.

போனைக் காதில் வைத்துக்கொண்டே மனதுக்குள் கேட்டேன்: போகட்டுமா?

நீளமாக ஒரு அழுத்து. விடவே இல்லை.

"அம்மா வேணாங்கிறா" என்று வாயில் வந்துவிட்டது.

அந்தப் பக்கத்திலிருந்து மெல்ல, "அப்பா, சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். பயந்துவிட்டாள். நானும்தான்.

ஜூன் 21, சனி

மகள் பிசியோ பெண்ணிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். இன்று அதட்டல் இல்லை. "அது எப்பல்லாம் அழுத்துது சார்?" என்று கேட்டாள். பாதியைச் சொன்னேன்: விலை பேசும்போது.

"தானா அழுத்தாது சார். நீங்க கூனும்போதுதான் காத்து ஏறும். நிமிந்து வயித்த இழுத்துப் பிடிச்சா இறங்கிடும். அதோட வேலையே அதான். வெல பேசுறப்ப ஒடுங்கிடுறீங்க போல." பிறகு, "இனிமே கொஞ்சம் கொஞ்சமா கழட்டணும். அதுவே தாங்கிக்கிட்டு இருந்தா உங்க தச எப்ப வேல செய்யும்?"

தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

கட்டிலில் உட்கார்ந்து கட்டிப் பார்த்தேன். கூனினேன்: ர்ர். நிமிர்ந்தேன்: இறங்கிவிட்டது. கூனினேன். நிமிர்ந்தேன். கூனினேன்.

அப்ப எல்லாம் நான்தானா? போகட்டுமான்னு கேட்டதும் நான், வேணாம்னதும் நானா? அவ இல்லையா? ஒரு தடவகூட அவ இல்லையா?

பட்டையைக் கழற்றி வீசினேன். அலமாரிக்கடியில் போய் விழுந்தது. இன்னொரு தடவை அவளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

கடை திறக்கவில்லை. படுத்துக்கொண்டு ஒன்றையே திருப்பித் திருப்பி யோசித்தேன்.

விலை குறைக்கச் சொல்லி யாராவது குரலை உயர்த்தினால் நான் ஒடுங்குவேன் என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது. அவளுக்கு அது அந்தக் கணமே முதுகில் தெரிந்திருக்கும். நான் அப்படி வளையும்போதுதான் அவள் அழுத்தினாளோ? 'குறைக்காதே' என்று இத்தனை வருஷமும் நானாக அர்த்தம் எடுத்துக்கொண்டேன். 'நிமிர்ந்து உட்கார்' என்றுதான் சொன்னாளோ என்னவோ. ஒரு நாள் கேட்டிருக்கலாம்.

ஜூன் 28, சனி

மகள் வந்துவிட்டாள், சொல்லாமல் கொள்ளாமல். கையில் பெரிய காலிப் பெட்டி. என் துணிமணிக்கு.

நேராகக் கடைக்கே வந்தாள். இன்று ஒரு நாள் மட்டும் என்று பட்டையை மறுபடியும் கட்டி உட்கார்ந்திருந்தேன். கடையில் வேறு இடம் இல்லையே, அந்தப் பின்பக்கத்து ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஜனவரிக்குப் பிறகு அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. அவள் முதுகு என் முதுகில் பட்டது. ஒல்லி முதுகு. அம்மாவைவிட உயரம்.

"நான் வரலம்மா" என்றேன். "அம்மா சொன்னான்னு இல்ல. நான்தான் சொல்றேன்."

"சொல்லும்போதே கூனுறீங்கப்பா. எனக்கு இங்க தெரியுது. நிமிந்து சொல்லுங்க."

நிமிர்ந்தேன். வயிற்றை இழுத்தேன். பின்னால் காற்று இறங்கியது.

"நான் வரல. எனக்குக் கடையில இருக்கணும்."

அவளுடைய பாரம் மெதுவாக என்மேல் இறங்கியது. முழுப் பாரமும்.

எனக்கு உயிரே இல்லை. பட்டை முழங்காலில் மாட்டியிருக்கிறது என்பதுகூட நினைவில்லை, அப்படியே திரும்பினேன். ஸ்டூல் உருண்டது, தோள் கவுன்டரில் இடித்தது, ஃப்ரேம் தட்டு கவிழ்ந்து எல்லாம் தரையில் சிதறின. அவள் தலைமுடியைப் பிடித்து முகத்தை என் பக்கம் திருப்பிவிட்டேன். கண் திறந்திருந்தது. அழுதுகொண்டிருந்தாள்.

"வலிக்குதுப்பா, விடுங்க."

விடவில்லை. வலிக்குதுன்னு சொல்லு, இன்னொரு தடவ சொல்லு என்றேன். சொன்னாள். பிறகு அவளுக்கு என்ன தோன்றியதோ, என் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். தெருவில் ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கீழே கிடந்த ஃப்ரேம்களைப் பொறுக்கினார்.

ஜூன் 29, ஞாயிறு

காலிப் பெட்டியில் அம்மாவின் சேலைகளை எடுத்துக்கொண்டு போனாள். வாரம் ஒரு முறை வருவாளாம். மிரட்டல்தான்.

ஜூலை 14, திங்கள்

லென்ஸ் தேய்க்க ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். வேறு கடையில் வேலை பார்த்தவள், கை சுத்தம். வந்ததும் வராததுமாக, "சுவத்தப் பாத்துக்கிட்டு எப்படி சார் நாள் பூரா உக்காருறது? மெஷினப் பக்கவாட்டுல திருப்பிக்கட்டுமா?" என்று கேட்டாள். திருப்பிக்கொள்ளச் சொன்னேன். தச்சர் வந்து சுவரில் இருந்த பழைய அலமாரியைப் பெயர்த்து இடம் செய்து கொடுத்தார். இப்போது அவள் ஸ்டூல் ஓரமாக, வாசல் வெளிச்சத்தைப் பார்த்து இருக்கிறது. என் முதுகில் எதுவும் படவில்லை. பட்டையைப் பிசியோ பெண் வேறு ஒருவருக்குக் கேட்டாள், கொடுத்துவிட்டேன். மாலை வரை உட்கார முடிந்தது. வலி இருந்தது, தாங்குகிற வலி.

மெஷின் நிற்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. கடை மூடும் நேரத்தில் அந்தப் பெண் கேட்டேவிட்டாள்: "ஏன் சார், நான் வேல செய்யிறது சரியில்லையா?"

"நல்லா செய்றம்மா. மெஷின நிறுத்தினா ஒரு வார்த்த சொல்லிடு, போதும்" என்றேன்.