புடவைக் கடையின் மூடிய கதவு

அக்டோபர் 9, வியாழன்

ஈப்போ பேரங்காடியில் சாலையைப் பார்த்தபடி இருக்கும் புடவைக் கடையின் கண்ணாடிக் கதவு இன்று முழுவதும் மூடியிருந்தது. ஏர்கோன் குளிர் தெருவுக்குப் போய் மின்சாரம் வீணாவதைத் தடுக்க, பராமரிப்பு மேற்பார்வையாளர் சேகர் கெஞ்சி வாங்கிய ஒரு நாள் சோதனை அது. வியாபாரம் குறைந்தால் கதவு பழையபடி திறந்துவிடும். பிறகு வேறெந்தக் கடையும் அவர் பேச்சைக் கேட்காது.

கடைக்காரர் கமலா அக்கா காலையிலேயே முணுமுணுத்தார். "கதவ சாத்துனா கடையே துத்துப், மூடிட்டாங்கன்னு நெனச்சிப் போயிருவாங்க லா. ரோட்டுல போறவங்க மூஞ்சில குளிர் அடிக்கணும். அதான் எனக்கு விளம்பரம்."

மதியம்வரை அவர் சொன்னபடியே கடை காலியாக இருந்தது. நான்கு மணிக்கு மழை கொட்டியது. பேருந்துக்கு நின்றவர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். தலை துவட்டியவர்களில் சிலர் தீபாவளிக்குப் புடவையும் எடுத்தார்கள்.

செய்தி எடுக்கப் போயிருந்த என்னிடம் சேகர் ஓடி வந்தார். "அண்ணே, பாத்தீங்களா? கதவ மூடியும் யாவாரம் ஆச்சு. நாளைக்கே பேப்பர்ல போட்டுருங்க."

"அவங்க மழைக்கு ஒதுங்குனவங்க தம்பி. கதவு ஜெயிச்சதுன்னு எப்படி எழுதுறது?"

அவர் முகம் வாடிவிட்டது. நான் சொன்னது சரிதான். இருந்தாலும்...

இன்னும் ஒரு நாள் தரும்படி சேகர் அக்காவிடம் கேட்டார். அக்கா சிரித்தார். "எடுத்துக்க லா. ஆனா மழை பேஞ்சாதான் மூடுவேன்."

சற்றுமுன் சன்னலைத் திறந்து பார்த்தேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.