என் ஒப்பாரியை முன்னமே பாடிவிட்டுப் போனவளுக்கு

என் கூடப் பொறந்த தங்கமே, பஞ்சவர்ணம்,

உன் அண்ணன் கருப்பையா பேசுறேன். எனக்கு எழுத்து வராது, தெரியும்ல. நான் சொல்லச் சொல்ல உன் மகள் ராசாத்தி எழுதுகிறாள். உன் குரல் அப்படியே அவளுக்கு. ஆனால் தன் பிள்ளைக்குத் தாலாட்டுக்கூடப் பாட மாட்டேன் என்கிறாள். பாட்டுத்தான் உன்னைக் கொன்றதாம்.

நம்ம புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் உன் புருஷன் கிணற்றுமண் சரிந்து போனான். அன்றைக்கு நீ வைத்த ஒப்பாரியில் எழவுக்கு வந்தவர்கள் எல்லாம் அவரவர் செத்தவர்களை நினைத்து அழுதார்கள். அதற்கப்புறம் எங்கிட்டுச் சாவு விழுந்தாலும் உனக்குத்தான் வண்டி வந்தது. மீமிசலில் கடல் கொண்டுபோனவனுக்குக்கூட, அவன் சட்டையைப் பாயில் விரித்த பிறகுதானே வாயைத் திறந்தாய்? ஆளில்லாமல் அழுதால் அது வேறு ஆளைத் தேடும் என்பாய்.

புதுக்கோட்டையில் ஒரு பெரிய வீட்டுச் சாவில் உன் பாட்டைக் கேட்ட கிராமபோன் பிளேட்டு கம்பெனிக்காரர் நம்மை மெட்ராசுக்குக் கூட்டிப் போனார். மைக் முன்னால் நின்று நீ கேட்டாய்: "யாருக்குங்க பாடுறது?"

"சும்மா பாடும்மா. கண்ணை மூடிக்க."

"சும்மா அழுறதுக்கு நான் என்ன கிறுக்கியா?" என்னைத் திரும்பிப் பார்த்தாய். "அண்ணே, நீங்க படுங்க."

படுத்தேன். துண்டைப் போர்த்திவிட்டாய். கால் கட்டைவிரல்களை மட்டும் கட்டவில்லை. "அதக் கட்டுனாத்தான் பொணம். நீங்க சும்மா படுத்திருக்கீங்க" என்று காதில் சொன்னாய். "மூச்ச மெதுவா விடுங்க, எனக்குச் சிரிப்பு வருது."

அப்புறம் பாடினாய். 'ஏம் பொறந்த பொன்ரதமே, எந்தத் தெரு போனீக' என்று நீ இழுத்தபோது, செத்தவனுக்கே தாங்கவில்லை. மூக்கை உறிஞ்சிவிட்டேன்.

"யோவ், பொணம் அழக்கூடாதுய்யா!" என்றார் கம்பெனிக்காரர். ஆனாலும் மறுபடி உன்னால் அப்படிப் பாட முடியாது என்று அதையே பிளேட்டாகப் போட்டுவிட்டார்.

அந்தப் பிளேட்டை நம்ம ஊர் டீக்கடையில் வைத்தார்களே, ஞாபகமிருக்கா? சீர்வரிசைத் தட்டோடு போன பொம்பளைகள் கடைக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். "நல்ல காரியத்துக்குப் போறப்ப எழவப் போடுறியே, ஒன் ஆத்தா செத்தாளாடா?" சாவுப்பாட்டை எவன் விலைகொடுத்து வீட்டுக்குள் கொண்டுவருவான்? மெட்ராஸ்காரருக்கு இது தெரியவில்லை. உனக்கும் எனக்குமாவது தெரிந்திருக்க வேண்டாமா?

ஊர் வேறு ஒன்று சொன்னது. உயிரோடு இருப்பவனுக்கு ஒப்பாரி வைத்துவிட்டாள், ஓர் உசுரை எடுக்காமல் அது அடங்காது என்று. வண்டி வருவது நின்றது. நெல் அறுப்புக்கு முன்னால் உனக்குக் காமாலை கண்டது.

உன் கால்விரலை நான்தான் கட்டினேன், ஆத்தா. சுற்றி உட்கார்ந்த பொம்பளைகள் வாயைத் திறக்கவில்லை. உனக்கு எவள் பாடுவாள்? பொறுக்க முடியாமல் டீக்கடைப் பாட்டுப்பெட்டியைத் தூக்கிவந்து உன் பிளேட்டை வைக்கச் சொன்னேன். நீ அங்கே கிடக்கிறாய். உன் குரல் என்னைப் பறிகொடுத்து அழுகிறது. நடுவில் என் மூக்குச் சத்தம். ராசாத்தி காதைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். அன்றைக்கு மூடிய வாய்தான் அவளுடையது.

என் சாவைத்தான் நீ வாங்கிக்கொண்டு போனாயா? விரலைக் கட்டாமல் விட்டது எனக்குக் காவலாகவா? அப்படியென்றால் உனக்கு யார் காவல்?

இல்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பாட்டு யாரையும் தின்னவில்லை. அது எனக்குப் பாடினது, எனக்காகக் காத்துக் கிடக்கிறது. நான் போகிற அன்றைக்கு அதை வைக்கணும் என்று இப்போது சொன்னேன். ராசாத்தி எழுத மாட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டாள்.

"உசுரோட இருந்துக்கிட்டு என்ன பேச்சு மாமா இது?"

"எழுதும்மா. ஒங்காத்தா எனக்குத் தந்தது. வேற யாருக்குப் போகும்?"

பேனாவை மறுபடி எடுத்து எழுதினாள்.

சத்தியமாகச் சொல்றேன், பஞ்சவர்ணம். என் கால்விரலை ராசாத்தி கட்டுவாள். பிளேட்டையும் அவளே வைப்பாள். பாட்டு தன் ஆளிடம் வந்து சேர்ந்ததை அவள் கண்ணால் பார்ப்பாள். அப்புறம் அவள் தன் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடட்டும். நடுவில் அந்த மூக்குச் சத்தம் வரும்போது மட்டும் யாரும் பயந்து எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நீ அழுது முடித்தும் இன்னும் கிளம்பாத
உன் அண்ணன்